சித்தப்பா என்ன வேலை செய்கிறார்?

அந்த அலுவலகத்தில் சித்தப்பா எப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருப்பார். மாமியார் விடிந்ததும் விடியாததுமாகத் தொணதொணக்க ஆரம்பித்துவிடுவார். ஓர்ப்படிகள் இருவரும் ஒரே வேலையைப் பக்கத்தில் பக்கத்தில் நின்று செய்வார்கள், ஆனால் ஒருத்தியோடு ஒருத்தி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். சம்பந்தி என்றால் எல்லோருக்கும் பயம். என்னடா இது, அலுவலகமா கல்யாண வீடா என்று கேட்காதீர்கள். இவர்களில் ஒருவரும் மனிதர் இல்லை. எல்லோரும் ஒரு மென்பொருளின் துண்டுகள்.

பல் டாக்டர் ஒருவரின் அறைக்கும் பூட்டியே கிடக்கும் ஒரு கிடங்குக்கும் நடுவில், மூன்றாவது மாடியில் ஒடுங்கிக்கிடந்த அறை அது. தனியாக வசிக்கும் பெரியவர்களின் மணிக்கட்டில் கடிகாரம் போல ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். அதில் ஒரு சிவப்பு பட்டன். வழுக்கி விழுந்தாலோ நெஞ்சை அடைத்தாலோ அமுக்கினால் போதும், பிள்ளைகளுக்கு ஃபோன் போகும். அப்படிப் போகவைக்கிற மென்பொருளை முதல் வரியிலிருந்து எழுதியவள் அக்கா. வயதில் மூத்த முதலாளியே அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார், நாம் மட்டும் வேறு எப்படிக் கூப்பிடுவது?

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பேர் வைத்தாக வேண்டும். மற்ற இடங்களில் என்னென்னவோ வைப்பார்கள், அக்கா உறவுமுறை வைத்தாள். மாத்திரை போட்டாயா, எழுந்தாயா, சாப்பிட்டாயா என்று பெரியவர்களை நச்சரிக்கும் துண்டுக்கு மாமியார். வெளியே இருக்கும் ஃபோன் கம்பெனியோடு பேசும் துண்டுக்குச் சம்பந்தி, ஏனென்றால் அவர்கள் சொன்னதைச் சொன்னபடி கேட்டுக்கொள்ள வேண்டும், எதிர்த்துப் பேசினால் உறவு முறிந்துவிடும். ஒன்று நின்றுபோனால் மற்றது பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரே வேலைக்கு இரட்டையாக வைத்த துண்டுகளுக்கு ஓர்ப்படிகள். பிள்ளைகள் யாருமே ஃபோனை எடுக்காவிட்டாலோ, சம்பந்தி முறுக்கிக்கொண்டாலோ, வேறொரு கம்பெனியின் லைன் வழியாகப் பக்கத்து வீட்டைக் கூப்பிடும் துண்டு ஒன்று உண்டு. அதற்குச் சித்தப்பா என்று பேர். அப்படியொரு நிலைமை எப்போதோ ஒருமுறைதான் வரும். மற்ற நேரமெல்லாம் அது சும்மா கிடக்கும்.

அக்காவின் நிஜச் சித்தப்பாவும் அப்படித்தான் என்று அந்தக் குடும்பமே சொல்லும். லாரி ஓட்டினார். ஆனால் எந்த விசேஷத்துக்கு வந்தாலும் ஒரு மூலையில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். "தூங்குமூஞ்சி" என்று அத்தைமார் முகத்துக்கு நேரே சொல்வார்கள், அவரும் சிரித்துக்கொண்டே புரண்டு படுப்பார். அக்காவுக்கு ஆறு வயதில் ஒரு நாள் மூச்சு முட்டியது. அப்பா ஊரில் இல்லை, வெளியே அடைமழை, வருகிறேன் என்ற மாமாக்கள் வரவில்லை. அப்போது வந்தவர் இந்தத் தூங்குமூஞ்சிதான். லாரியின் முன் சீட்டில் அவளைக் கிடத்தி, ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனார். அக்கா அந்த மென்பொருள் துண்டுக்கு அவர் பேரை வைத்தது கேலிக்காக இல்லை. பாசத்துக்காக. ஆனால் அந்தப் பாசம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தூக்கம்தான்.

அந்தச் சித்தப்பாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. சித்தி போனபிறகு தனியாகத்தான் இருந்தார். வெளியூரில் வேலையிலிருக்கும் மகன் அவரை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கத் துடித்தான். மனிதர் அசையவில்லை. "என் வீட்டுல, என் கட்டில்ல, என் இஷ்டத்துக்குத் தூங்குவேன்" என்றார். நடுவில் புகுந்து வாக்குக் கொடுத்தவள் அக்காதான். "தம்பி, பட்டனைக் கட்டிவிடுறேன். நீ எடுக்கலேன்னா நான், நான் எடுக்கலேன்னா பக்கத்து வீட்டு டீச்சர். சித்தப்பாவை அங்கேயே விடு. நான் பொறுப்பு." தம்பி அரை மனதாகத் தலையாட்டினான். கம்பெனியின் முதல் பட்டன் அவர் கையில்தான் ஏறியது.

இப்படி இருக்கும்போது வேலைக்கு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். குழந்தைகளுக்காகச் சில வருஷம் வேலையை விட்டுவிட்டு, எல்லாம் மறந்துபோயிருக்குமோ என்ற பயத்தோடு மறுபடி வந்தவள். கடைசியாகச் சேர்ந்தவர் யாரோ அவருக்கு அங்கே புதுசு என்று பேர். மென்பொருள் கனத்துப்போய் மெதுவாக ஓடுகிறது, பயன்படாததையெல்லாம் களைந்து தூரப் போடு என்று முதலாளி அவளிடம் சொன்னார்.

புதுசு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். சித்தப்பாவிடம் வந்ததும் நின்றாள். அந்த வருஷம் முழுக்க அது ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை. பிழை கண்டுபிடிப்பதே பிழைப்பாகக் கொண்ட சோதனைக்காரனிடம் கேட்டாள். அவனை நொட்டை என்பார்கள். எதைக் கொடுத்தாலும் நொட்டை சொல்வான்.

"சித்தப்பா என்ன வேலை செய்றார்?"

"சித்தப்பாவா? தூங்குவார்" என்று நொட்டை கண்ணடித்தான்.

இருந்தாலும் புதுசுக்கு மனசு கேட்கவில்லை. அக்காவிடமே வந்து கேட்டாள். அக்கா ஒரு காதில் ஃபோனும் மடியில் மடிக்கணினியுமாக இருந்தாள். "அவரு ஒண்ணும் செய்யமாட்டாரும்மா, சும்மா கெடப்பாரு" என்றாள். வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிய வேடிக்கை அது. புதுசு நன்றி சொல்லிவிட்டுப் போய், சித்தப்பாவை வெட்டி எடுத்துத் தூரப் போட்டாள்.

பிறகு சில நாள் ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் காலையில் ஃபோன் கம்பெனியின் லைன் படுத்துவிட்டது. அலுவலகச் சுவரில் பெரிய திரை ஒன்று உண்டு. மென்பொருள் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது அதில் ஓடும். அந்த வாசகங்களையும் அக்காதான் ரசித்து ரசித்து எழுதியிருந்தாள். எல்லோரும் காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தபோது அதில் சிவப்பில் ஒரு வரி வந்தது:

"சம்பந்தி பேசமாட்டேன் என்கிறார். சித்தப்பாவைக் காணோம்."

அறையே விழுந்து விழுந்து சிரித்தது. "எந்தக் கட்டிலுக்கு அடியில பாத்தீங்க?" என்றான் நொட்டை. முதலாளி அதைத் தன் ஃபோனில் படம் பிடித்தார். நொட்டை ஏதோ சோதனை செய்து விளையாடுகிறான் என்றே அக்கா நினைத்தாள், அவன் அடிக்கடி அப்படிச் செய்கிறவன்தான். அவளும் சிரித்தாள். வரியின் கடைசியில் எந்த வீடு என்ற எண் சின்ன எழுத்தில் இருந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில் சித்தப்பா குளியலறையில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். பட்டனை அமுக்கினார். கொஞ்சம் பொறுத்து மறுபடி அமுக்கினார். வெயில் ஏறி இறங்கும்வரை, குழாய்த் தண்ணீர் முதுகுக்கடியில் ஓடிக்கொண்டிருக்க, அப்படியே கிடந்தார். வாசலுக்கு அடியில் தண்ணீர் கசிந்து வருவதைப் பார்த்து, தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தவர் பக்கத்து வீட்டு டீச்சர். அவருக்கு ஃபோன் எதுவும் வந்திருக்கவில்லை.

அறுவைச் சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்தபோது கட்டிலருகில் அக்கா இருந்தாள். சித்தப்பா மெதுவாகக் கையைத் தூக்கிப் பட்டை கட்டியிருந்த இடத்தைக் காட்டினார்.

"அமுக்கினேனே பாப்பா."

"அமுக்கினீங்க சித்தப்பா. சரியாத்தான் அமுக்கினீங்க."

"அப்ப யாரு வந்திருக்கணும்?"

அக்காவுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "நீங்கதான் வந்திருக்கணும் சித்தப்பா" என்றாள்.

மயக்க ஊசி போட்டது எனக்கா இவளுக்கா என்பதுபோலப் பார்த்தார் அவர். அக்கா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அதுக்கு எதுக்கும்மா என் பேரு?"

"உங்களை மாதிரியே தூங்கிட்டே கெடக்கும் சித்தப்பா. ஆனா யாருமே வராதப்ப எந்திரிச்சு வரும்."

அவர் கோபமே இல்லாமல், கணக்கில் ஒரு சின்னப் பிழையைத் திருத்துகிறவர்போலச் சொன்னார்:

"நான் எங்கம்மா தூங்கினேன்? ராத்திரி பூரா லாரி ஓட்டினேன். நீங்க எல்லாரும் என்னைப் பகல்லதானே பாத்தீங்க."

அக்காவுக்குச் செருப்பால் அடித்தாற்போல இருந்தது. அவர் லாரி ஓட்டினார் என்பதும் அவளுக்குத் தெரியும், பகலில் தூங்கினார் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து ஒரு நாளாவது யோசித்தாளா? இல்லை. அந்த அடைமழை நாளிலும் அவர் விடிய விடிய வண்டி ஓட்டிவிட்டு வந்து, கண்ணயர்ந்த கையோடு எழுந்துதான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். ஒரு மனிதர் ஆயுசுக்கும் செய்த வேலை ஒன்று இருக்க, பார்த்தவர்கள் கண்ணில் பட்டதை வைத்துக் குடும்பமே ஒரு பேர் வைத்துவிட்டது. அதே பேரை அவள் கொண்டுபோய் மென்பொருளிலும் ஒட்டியிருந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி நின்றிருந்தான். முகம் கறுத்திருந்தது.

"உன் பட்டன் லட்சணத்தைப் பாத்தாச்சுக்கா. இல்லத்துல இடம் சொல்லி வச்சிருக்கேன்."

"தம்பி, அவர் அங்க இருக்கமாட்டார்டா. நொந்து போயிடுவார்."

"இங்க இருந்தா செத்துப் போயிடுவார்."

 கடைசியில், இல்லத்துக்கு வரமாட்டேன் என்று உள்ளேயிருந்து சித்தப்பா போட்ட சத்தத்துக்காகத்தான் தம்பி கொஞ்சம் இறங்கிவந்தான். "அப்பா நடக்கற வரைக்கும் நான் இங்க இருப்பேன். அதுக்குள்ள நீ எல்லாத்தையும் சரி பண்ணு. அப்புறம் ஒரு நாள் நானே அமுக்குவேன். சொல்லமாட்டேன். என் ஃபோனை எடுக்கமாட்டேன். உன் நம்பரையும் அதுலேர்ந்து எடுத்துடு, நீ ஓடி வந்து நடிக்க வேண்டாம். யாராவது வந்தா அப்பா வீட்டுலயே இருக்கட்டும். வரலேன்னா, நீ இதுல பேசவே கூடாது."

மறுநாள் அலுவலகத்தில் முதலாளி புதுசை வீட்டுக்கு அனுப்பத் தயாராக இருந்தார். அவளும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுபடி வேலைக்கு வந்ததே தப்பு என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது.

"இவ ரெண்டு பேர்கிட்ட கேட்டா" என்றாள் அக்கா. "ரெண்டு பேரும் ஜோக் அடிச்சோம். திரையில ஆபத்துன்னு வந்தப்ப எல்லாருமா நின்னு சிரிச்சோம். நீங்க ஃபோட்டோ எடுத்தீங்க. இவளை அனுப்பறதா இருந்தா வரிசையா எல்லாரும் கெளம்பணும், முதல்ல நான்." முதலாளி ஃபோனை எடுத்து அந்தப் படத்தை அழித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வெட்டிய துண்டைத் திரும்ப ஒட்டவைக்க அரை நாள்கூட ஆகவில்லை. பேரை மாற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது. புதுசை ஏன் பக்கத்தில் வைத்துக்கொண்டாய் என்று நொட்டை கேட்டதற்கு, "எனக்கு எல்லாம் தெரியும், அதுதான் வியாதி. அவளுக்குத் தெரியாது" என்றாள் அக்கா. புதுசு ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே கேள்வி கேட்பாள். இது என்ன வேலை செய்கிறது? அக்கா ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும். வாக்கியத்தில் "அப்புறம்" என்று வந்தால் புதுசு கையைத் தூக்குவாள். மாமியாரைப் பற்றிச் சொன்னபோது மூன்று அப்புறம் வந்தது. மாத்திரையை நினைவூட்டுவது வேறு, காலையில் எழுந்தாரா என்று பார்ப்பது வேறு என்று அப்போதுதான் அக்காவுக்கே உறைத்தது. மாமியாரை இரண்டாகப் பிரித்தார்கள். நிஜ வாழ்க்கையில் இப்படி முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பெருமூச்சு விட்டாள் புதுசு.

வைத்த பேரை அதோடு விடவில்லை. ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுவார்கள். அந்தப் பக்கம் போகிறவர் வருகிறவர் யாரானாலும் நிறுத்தி, இது என்ன வேலை செய்யும், சொல்லுங்கள் என்று கேட்பார்கள். சித்தப்பாவுக்கு முதலில் "மாற்று வழி" என்று ஒட்டினார்கள். கூரியர் கொண்டுவந்தவர் படித்துவிட்டு, "ஏன், ரோட்டைத் தோண்டிட்டாங்களா?" என்றார். "பாதுகாப்பு" என்று ஒட்டினார்கள். பல் டாக்டரிடம் வந்த ஒரு பெண்மணி கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, "வாட்ச்மேனா?" என்றார். "உதவி" என்றதற்கு ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அக்காவுக்கு அலுத்துவிட்டது. இத்தனை வருஷம் இந்தப் பேர்களோடு குடித்தனம் நடத்தியவள் அவள். சித்தப்பாவைத் தவிரச் சொந்தங்கள் யாரும் இல்லாத ஊரில், காலையில் வந்து கணினியைத் திறந்தால் மாமியார், சம்பந்தி, சித்தப்பா என்று வீடு நிறைந்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு பேரையும் அழிக்கும்போது யாரையோ ரயிலேற்றி அனுப்பிவிட்டு வெறும் வீட்டுக்குத் திரும்புவது போலத்தான் இருந்தது.  ஆனாலும் அழித்தாள்.

"அவர் என்னதான் செய்றார்?" புதுசு பத்தாவது தடவையாகக் கேட்டாள்.

"எத்தனை தடவைதான் சொல்றது! பக்கத்து வீட்டைக் கூப்பிடுறார், அவ்வளவுதான்!" என்று அக்கா கத்தினாள்.

புதுசு அப்படியே எழுதி ஒட்டினாள்: பக்கத்து வீட்டைக் கூப்பிடு.

"இது பேரா? கட்டளை மாதிரி இருக்கு" என்று நொட்டை ஆரம்பித்தான்.

"கட்டளைதான். கேட்டுட்டுப் போய்க் கூப்பிடட்டும்" என்றாள் அக்கா. அதன்பிறகு கதவருகில் நிறுத்திய ஒருவர்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. திரையில் வரும் வாசகங்களையும் அதேபோல மாற்றினார்கள். ஒருவருக்கும் சிரிப்பு வராத வாசகங்கள்.

சித்தப்பா ஊன்றுகட்டையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கத் தொடங்கினார். தம்பி எப்போது அமுக்குவான் என்று தெரியாமல் அக்கா ஒவ்வொரு நாளும் திரையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தாள். நாளாக ஆக, மறந்துவிட்டானோ, பேசாமல் இல்லத்துக்கே முடிவு செய்துவிட்டானோ என்று கலக்கமாக இருந்தது.

ஒரு நாள் மதியம், ஏசி ரிப்பேர் செய்ய வந்தவர் ஏணிமேல் நின்று, வாயில் திருகாணியைக் கடித்தபடி வேலை செய்துகொண்டிருந்தார். அவரவர் தலையைக் குனிந்து அவரவர் வேலையில் இருந்தார்கள். அவர் திடீரென்று திருகாணியைத் துப்பிவிட்டுக் கத்தினார்.

"ஏங்க! யாரோ பெரியவர் ஆபத்துன்னு பட்டனை அமுக்கியிருக்காராம்! மகன் ஃபோனை எடுக்கலையாம்! பக்கத்து வீட்டைக் கூப்பிடுதாம், இன்னும் யாரும் எடுக்கலை! என்னங்க எல்லாரும் உக்காந்திருக்கீங்க, யாராவது பாருங்க!"

அக்கா நிமிர்ந்தாள். திரையில் அதேதான் இருந்தது. வீட்டின் எண்ணும் இந்தமுறை பெரிய எழுத்தில் இருந்தது. சித்தப்பா வீடு. தம்பி வைக்கும் சோதனையா, மறுபடி விழுந்துவிட்டாரா?  நொட்டை எழுந்து நின்றான். முதலாளி தன் தடுப்புக்குள்ளிருந்து ஓடி வந்தார். புதுசு அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

திரையில் அடுத்த வரி வந்தது. "பக்கத்து வீட்டில் ஃபோனை எடுத்துவிட்டார்கள்."

ஏணிமேல் இருந்தவர் நெஞ்சில் கைவைத்து, "அப்பாடா" என்றார். இந்த மென்பொருளைப் பற்றி ஒரு எழுத்துகூடத் தெரியாத மனிதர். அவரைப் பார்த்து அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அவள் ஃபோன் அடித்தது. தம்பிதான்.

"அக்கா, டீச்சர் வந்துட்டாங்க. ஈரக்கையோட, ஒத்தைக் கால்ல செருப்போட ஓடி வந்தாங்க. நான்தான் அமுக்கினேன்னு சொன்னதும் கிழி கிழின்னு கிழிச்சுட்டாங்க."

 அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இல்லத்துக்கு ஃபோன் பண்ணி இடம் வேண்டாம்னு சொல்லிட்டேன். நீ சொன்ன மாதிரியே இருக்கட்டும்."

"சித்தப்பா என்னடா பண்றார்?"

"இத்தனை கூத்து நடக்குது, மனுஷன் அசையல. நல்லாக் குறட்டை விட்டுத் தூங்கிட்டிருக்கார். எழுப்பிச் சொல்லட்டுமா?"

"எழுப்பாதே" என்றாள் அக்கா. "ராத்திரி பூரா வண்டி ஓட்டினவர்."